புள்ளி தெரியும் தூரம்

15.6 அங்குல லேப்டாப்பை முகத்துக்கு 45 செ.மீ. எதிரே வைத்துப் படிக்கிறோம். 27 அங்குல மானிட்டரை 78 செ.மீ. தள்ளி வைத்தால், விழித்திரையில் விழும் பிம்பம் இரண்டுக்கும் ஒரே அளவுதான். ஓரத்திலிருந்து ஓரம் வரை ஒரே கோணம், எழுத்தும் ஒரே உயரம். பிறகு எதற்காக அத்தனை பணம் கொடுத்துப் பெரிய திரையை வாங்க வேண்டும்? இடையில் கிடைக்கும் அந்த 33 செ.மீ.க்காக. கண்வலிக்குத் தப்பிக்கப் பெரிய மானிட்டர் வாங்குகிறவர் கடையிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவருவது தூரத்தைத்தான்.

அந்தத் தூரம் கண்ணுக்குள் செய்யும் வேலை அழகானது. கருவிழிக்குப் பின்னால் உள்ள வில்லையைச் சுற்றி வளையமாக ஒரு தசை ஓடுகிறது, சிலியரி தசை. வில்லைக்கும் அதற்கும் நடுவே மெல்லிய இழைகள். தொலைவில் பார்க்கும்போது தசை ஓய்ந்து விரிகிறது, இழைகள் இறுகி வில்லையைத் தட்டையாக இழுத்துப் பிடிக்கின்றன. அருகில் பார்க்கும்போது தசை சுருங்கி வளையம் குறுகுகிறது, இழைகள் தளர்கின்றன, வில்லை தன் இயல்பான நெகிழ்ச்சியால் உப்பிக்கொள்கிறது. வில்லை தளர்வதற்குத் தசை இறுக வேண்டும் என்ற இந்த ஏற்பாட்டை எத்தனை முறை நினைத்தாலும் எனக்கு வியப்பு குறைவதில்லை. அருகே படிக்கும் ஒவ்வொரு நிமிடமும் அந்தத் தசை ஏதோ ஒன்றைத் தூக்கிப் பிடித்துக்கொண்டேதான் இருக்கிறது. எவ்வளவு தூக்குகிறது என்பதை டயாப்டர் கணக்கில் சொல்வார்கள்: 100ஐத் தூரத்தின் சென்டிமீட்டரால் வகுத்தால் போதும். 45 செ.மீ.க்கு 2.2. 78 செ.மீ.க்கு 1.3. எழுத்து அதே அளவில் தெரிகிறது, சுமை மட்டும் கிட்டத்தட்டப் பாதியாகிறது. இரண்டு கண்களையும் மூக்கை நோக்கி உள்பக்கமாகத் திருப்பிப் பிடிக்கும் தசைகளுக்கும் இதே சலுகை உண்டு. மாலையானால் கண்ணோரம் கனப்பதும் நெற்றிப்பொட்டு விண்ணென்று தெறிப்பதும் இந்தத் தசைகளின் நாள் முழுக்க நடந்த உழைப்பிலிருந்துதான் பெரும்பாலும் வருகின்றன.

முழு இருட்டில், பார்க்க எதுவுமே இல்லாதபோது கண் எங்கே குவிந்து நிற்கும்? வெகுதொலைவில் என்றுதான் நீண்டகாலம் எண்ணியிருந்தார்கள். 1970களில் அமெரிக்காவில் லீபோவிட்ஸ், ஓவன்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள் லேசர் ஒளியைக் கொண்டு இதை அளந்தார்கள். ஆளுக்கு ஆள் நிறைய மாறினாலும், சராசரி ஒன்றரை டயாப்டர் அளவில் வந்தது, அதாவது ஏறத்தாழ 67 செ.மீ. கை நீட்டினால் விரல் நுனி தொடும் தூரம். வேலை எதுவும் தராமல் விட்டால் கண் தானாகப் போய் அமர்கிற இடம் ஒரு கை நீளத்தில் இருக்கிறது! மானிட்டரைக் கை நீளத்தில் வையுங்கள் என்று கண் மருத்துவர்கள் சொல்லும் எளிய வாக்கியத்தை நான் இந்தச் செய்தி தெரிந்த பிறகு வேறு மரியாதையோடு கேட்கிறேன்.

ஆகவே பெரிய திரையை வாங்கிப் பழைய 45 செ.மீ.யிலேயே வைத்துக்கொள்வது வீண். கழுத்துதான் இடமும் வலமும் அலையும். இதற்கு மேசையும் ஒத்துழைக்க வேண்டும். 60 செ.மீ. அகல மேசையில் மானிட்டரின் கால் பின்பக்கம் கொஞ்சம் இடத்தைத் தின்றுவிடும். நம் கண் மேசை விளிம்புக்குச் சற்று வெளியே இருந்தாலும், திரைக்கும் அதற்கும் நடுவே மிஞ்சுவது 60, 65தான். திரையின் முதுகில் பெரும்பாலும் நான்கு திருகாணித் துளைகள் 100 மி.மீ. சதுரமாக இருக்கும். அவற்றில் மாட்டி மேசை விளிம்பைக் கவ்விக்கொள்ளும் கை ஒன்று தனியாகக் கிடைக்கிறது. திரையைச் சுவரோடு சுவராகத் தள்ளிவிடலாம். மானிட்டருக்கு இரண்டு அங்குலம் கூட்டிச் செலவழிப்பதைவிட இந்தக் கைக்குச் செலவழிப்பது பல வீடுகளில் கண்ணுக்குக் கூடுதல் நன்மை தரும் என்பது என் எண்ணம்.

இனி, எனக்கு மிகவும் பிடித்த இடத்துக்கு வருகிறேன்: எழுத்து.

திரை என்பது புள்ளிகளின் வரிசை. 24 அங்குலத்தில் 1920×1080 என்றால் ஒரு புள்ளி 0.28 மி.மீ. அதே எண்ணிக்கையை 27 அங்குலத்துக்கு இழுத்து விரித்தால் 0.31 மி.மீ. 27 அங்குலத்தில் 2560×1440 போட்டால் 0.23. 3840×2160, அதாவது 4கே போட்டால் 0.156. கால் மில்லிமீட்டருக்குள் நடக்கும் இந்த வித்தியாசத்தைக் கண் கண்டுகொள்ளுமா? நன்றாகக் கண்டுகொள்ளும். 6/6 பார்வை என்று மருத்துவர் எழுதித் தருவதன் பொருள், ஒரு பாகையின் அறுபதில் ஒரு பங்கு கோணத்தைப் பிரித்தறிய முடியும் என்பதே. 60 செ.மீ. தூரத்தில் அது 0.175 மி.மீ. மேலே சொன்ன நான்கில் கடைசி ஒன்று மட்டுமே அந்த எல்லைக்குக் கீழே ஒளிகிறது. மற்ற மூன்றிலும் புள்ளி இருப்பதைக் கண் எங்கோ ஓர் ஓரத்தில் உணர்ந்துகொண்டேயிருக்கும். 2560×1440 திரையை 80 செ.மீ. தள்ளினால் அதன் புள்ளியும் மறைந்துவிடும். தூரமும் புள்ளியும் இப்படி ஒன்றுக்கொன்று விட்டுக்கொடுக்கும்.

ஆங்கில எழுத்துக்குப் பெரிதாகத் தெரியாத குறை தமிழுக்கு உடனே தெரிந்துவிடும். நேர்கோடுகளால் ஆன எச், டி, எல் எல்லாம் சதுரப் புள்ளிகளோடு எளிதில் சமாதானமாகிவிடும். நம் எழுத்தோ வளைவும் சுழியும். ண மூன்று முறை வளைந்து வர வேண்டும். ஞ தன் வயிற்றுக்குள் ஒரு சுருளை வைத்திருக்கிறது. புள்ளிக் கோலம் போடுகிறவர்களுக்கு இது சொல்லாமலே விளங்கும். ஐந்து வரிசைப் புள்ளியில் மயில் போட்டால் கழுத்து முறிந்துதான் நிற்கும். பதினைந்து வரிசை வைத்தால் அதே கழுத்து குழைந்து வரும். 24 அங்குலச் சாதாரணத் திரையில் 12 புள்ளி அளவுத் தமிழெழுத்துக்குக் கிடைப்பது 16க்கு 16, ஆக 256 புள்ளிகள். 27 அங்குல 4கே திரையில் அதே எழுத்தை அதே உடல் அளவில் காட்ட 28க்கு 28 கிடைக்கிறது, 784 புள்ளிகள். மூன்று மடங்கு! எழுத்து ஒரு மயிரிழைகூடப் பெரிதாகவில்லை, ஆனால் அதன் கழுத்து குழைகிறது.

மெய்ப்புப் பார்க்கிறவர்களுக்கு இது வெறும் அழகுச் செய்தி அல்ல, பிழைப்பு. விடு என்பதற்கும் வீடு என்பதற்கும் நடுவே இருப்பது விசிறியின் நுனியில் ஒரு சிறு சுழி. கொடு கோடாவதற்கு ஒற்றைக் கொம்பு இரட்டைக் கொம்பானால் போதும். மு, மூ ஆவதும் வாலின் ஒரு சுருட்டலில்தான். ஓலையில் எழுதிய காலத்தில் குறில் எகரத்துக்கும் நெடில் ஏகாரத்துக்கும் கொம்பில் வேறுபாடு காட்டுவதில்லை. மெய்யின் மேல் புள்ளியும் பெரும்பாலும் இடமாட்டார்கள். வாசிக்கிறவர் இடம்பார்த்துப் புரிந்துகொள்ள வேண்டியதுதான். கொம்பை இரட்டையாகச் சுழித்து நெடிலைப் பிரித்துக் காட்டிய பெருமையை 18ஆம் நூற்றாண்டின் வீரமாமுனிவருக்குக் கொடுக்கிறோம். அப்படிப் பிரித்துத் தந்த அந்தக் குட்டிச் சுழி, சாதாரணத் திரையில் மூன்று நான்கு சாம்பல் நிறப் புள்ளிகளாக மங்கிப்போய் நிற்கிறது. மெய்யெழுத்தின் தலைப்புள்ளி இரண்டு பிக்சலை ஒட்டித்தான் தேறும். உண்டா இல்லையா என்று தெரியாமல் முகத்தைத் திரைக்கு அருகே கொண்டுபோகிறோம். 65 செ.மீ. தூரத்துக்கென்று வாங்கிய திரை 35 செ.மீ.யில் போய் நிற்கிறது. கண்ணும் கழுத்தும் சேர்ந்து அந்த இரண்டு பிக்சலுக்கு விலை கொடுக்கின்றன.

நல்ல திரையில் தமிழைப் பார்க்கும்போது நான் முதலில் தேடுவது கருப்பை அல்ல, சுழிக்குள் அடைபட்ட வெள்ளையை. கீயின் உச்சிச் சுழிக்குள், இரட்டைக் கொம்பின் மேல்வளையத்துக்குள், ஜவின் வயிற்றுக்குள் ஒரு துளி வெள்ளை திறந்திருக்க வேண்டும். அது அடைத்துக்கொண்டால் எழுத்து கறையாகிவிடும். கண் குவியத்தைப் பிடிப்பது விளிம்பைக் கொண்டு. கருப்பும் வெள்ளையும் கூர்மையாகச் சந்திக்கும் கோடு கிடைத்தால் வில்லை அங்கே நின்றுவிடும். சாம்பலாகக் குழம்பிய விளிம்பு கிடைத்தால் முன்னும் பின்னும் தேடிக்கொண்டிருக்கும். நாள் முழுதும் ஆயிரக்கணக்கான சுழிகளில் இந்தத் தேடல் நடந்தால் எப்படிக் களைக்காமல் இருக்கும்?

சென்னை ரிச்சி தெருவில் மானிட்டர் வாங்கப் போனால், கடைக்காரர் காட்டுவது எப்போதும் கிளியும் அருவியும்தான். நிறம் பொங்கும் வீடியோவில் எந்தத் திரையும் அழகாகத்தான் தெரியும். நான் கேட்பது வேறு.

"அண்ணே, அந்த வீடியோவை நிறுத்திட்டு ஒரு தமிழ்ப் பக்கம் திறந்து காட்டுறீங்களா? வெள்ளைப் பின்னணி, கருப்பு எழுத்து போதும்."

"படம் பார்க்க இல்லையா சார்?"

"படிக்கத்தான் அண்ணே. நாள் பூரா."

கேட்டால் மறுப்பதில்லை. சிலர் ஆர்வமாகவே பக்கத்தில் வந்து நின்று பார்க்கிறார்கள். பெரிய வெள்ளைப் பக்கம் ஒன்று, திரையின் எல்லாக் குணத்தையும் குற்றத்தையும் கக்கிவிடும். மூலையில் மஞ்சள் பூத்திருக்கிறதா, கீழோரம் இருண்டிருக்கிறதா, மேலே இருக்கும் குழல்விளக்கு கோடாக விழுகிறதா, எல்லாம் தெரியும். பளபளப்பான கண்ணாடிப் பரப்பில் எழுத்து ஈரமாக மின்னும், உண்மைதான், ஆனால் சன்னலும் நம் சட்டையும் அதில் குடியேறிவிடும். எழுத்து ஒரு தூரத்தில், பிரதிபலிப்பு வேறொரு தூரத்தில். இரண்டுக்கும் நடுவே கண் அல்லாடும். மங்கல் பூச்சு வெளிச்சத்தைச் சிதறடித்து இந்தத் தொல்லையைத் தீர்க்கிறது. பூச்சு முரடாக இருந்தால் வெள்ளைப் பரப்பு முழுக்க மணல் தூவியது போல் மினுமினுக்கும். நல்ல பூச்சில் வெள்ளை வெறும் வெள்ளையாக அமைந்து கிடக்கும். அந்த அமைதியைக் கிளி வீடியோவில் கண்டுபிடிக்கவே முடியாது.

இதே தெருவில் 32 அங்குல டிவியையே மானிட்டராக்கிக் கொள்ளலாமே, விலை குறைவு என்று சொல்பவர்களும் உண்டு. வேண்டாம். 1366×768 புள்ளிகள் கொண்ட 32 அங்குல டிவியில் ஒரு புள்ளி அரை மில்லிமீட்டருக்கு மேல். சோபாவிலிருந்து கிரிக்கெட் பார்க்கச் செய்த பொருள் அது. படத்தைத் தானாகவே கூர்மைப்படுத்தும் ஏற்பாடு வேறு உள்ளே ஓடிக்கொண்டிருக்கும், அது எழுத்தைச் சுற்றி வெளிறிய ஒளிவிளிம்பு கட்டிவிடும். 32 அங்குலம்தான் வேண்டும் என்றால் 4கே மானிட்டராகவே வாங்குவது நல்லது. ஒன்று மட்டும் கவனிக்க வேண்டும்: பழைய எச்.டி.எம்.ஐ. துளை 4கே படத்தை நொடிக்கு 30 முறைதான் அனுப்பும். பக்கத்தை உருட்டும்போது வரிகள் தத்தித் தத்தி நகரும். கணினியிலும் 60 ஹெர்ட்ஸ் அனுப்பும் துளை இருக்கிறதா என்று முன்பே பார்த்துக்கொள்ள வேண்டும்.

உருப்பெருக்கிக் கண்ணாடி கையில் இருந்தால் ஒரு வெள்ளைப் புள்ளியை உற்றுப் பாருங்கள். அங்கே வெள்ளையே இருக்காது. சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று நிமிர்ந்த பட்டைகள் தோளோடு தோள் நிற்கும். 1998இல் மைக்ரோசாஃப்ட் அறிவித்த கிளியர்டைப் முறை இந்தப் பட்டைகளைத் தனித்தனியே ஏற்றி இறக்கி, ஒரு புள்ளியின் மூன்றில் ஒரு பங்கு நுட்பத்துக்கு எழுத்தின் விளிம்பைச் செதுக்கியது. பட்டைகள் நிமிர்ந்து நிற்பதால் பயன் இடவலமாகத்தான் கிடைக்கும். ப, ம, ட, ய ஆகியவற்றின் நிமிர்ந்த சுவர்கள் இதனால் கத்தி போல ஆயின. சுழியின் உச்சியும் அடிவளைவும் பழையபடியே படிக்கட்டாக நின்றன. தமிழுக்குப் பாதி உதவிதான். முழு உதவி புள்ளி சிறுத்தபோதுதான் வந்தது. இன்னொரு பக்கம், ஓ.எல்.இ.டி. திரைகள் சிலவற்றில் இந்த மூன்று நிறங்களும் வரிசையாக நில்லாமல் முக்கோணமாக அமர்ந்திருக்கும். கருப்பின் ஆழத்துக்கு இணையே இல்லாத அந்தத் திரைகளில், நெருக்கம் குறைந்தவற்றில், எழுத்தோரம் மெல்லிய பச்சையும் ஊதாவும் கசியும். சினிமாவுக்கு வாங்குகிறவருக்கு அது பொருட்டே அல்ல. படிக்க வாங்குகிறவர் முதலில் பார்க்க வேண்டியது அதை.

பெரிய திரைக்கே உரிய ஒரு சிக்கலும் உண்டு. 60 செ.மீ. தூரத்தில் அமர்ந்தால் 27 அங்குலத் திரையின் நடுப்பகுதி 60 செ.மீ.யிலும் மூலை 69 செ.மீ.யிலும் இருக்கும். மூலையை நாம் சாய்வாகத்தான் பார்க்கிறோம். மலிவான டி.என். வகைத் திரையில் மேல்பாதி ஒரு நிறம், கீழ்பாதி வேறு நிறம் என்று வெளுத்துப்போவது இதனால்தான். ஐ.பி.எஸ். வகை சாய்வாகப் பார்த்தாலும் அவ்வளவாக முகம் மாற்றாது. வளைந்த திரைகள் மூலையைக் கண்ணுக்கு இழுத்து வருகின்றன. 34 அங்குல நீள்திரையில் அதற்கு அர்த்தம் இருக்கிறது, 27க்கு அவ்வளவு இல்லை. அதுவும் மெய்ப்புப் பார்க்கிறவருக்குக் கோடு கோடாகவே தெரிந்தாக வேண்டும்.

உயரத்தைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும், ஏனென்றால் பெரிய திரை தரும் நன்மையை முழுவதுமாகத் திருப்பி வாங்கிக்கொள்ளக்கூடியது அதுதான். 1993இல் ஜப்பானியக் கண் மருத்துவர் கசுவோ சுபோட்டாவும் கட்சு நகமோரியும் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் ஒரு சிறு குறிப்பு எழுதினார்கள். ஓய்வாக இருக்கும்போது நிமிடத்துக்குச் சராசரியாக 22 முறை இமைக்கும் மனிதர்கள், புத்தகம் படிக்கும்போது 10 முறையும் கணினித் திரையைப் பார்க்கும்போது 7 முறையும்தான் இமைத்தார்கள். இமைப்பு குறைகிறது என்பதைப் பலரும் சொல்வார்கள். அந்தக் குறிப்பின் நயம் அடுத்த அளவில் இருக்கிறது. கண்ணின் மேற்பரப்பில் எவ்வளவு திறந்திருக்கிறது என்பதையும் அவர்கள் அளந்தார்கள். புத்தகம் படிக்கும்போது 1.2 சதுர செ.மீ., திரையைப் பார்க்கும்போது 2.3. கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. புத்தகத்தைக் குனிந்து பார்க்கிறோம், மேலிமை தானாக இறங்கிப் பாதிக் கண்ணைப் போர்த்திவிடுகிறது. திரையை நிமிர்ந்து பார்க்கிறோம், கண் அகலத் திறந்து கிடக்கிறது, கண்ணீர்ப் படலம் காய்கிறது. மேலே மின்விசிறி சுற்றும் அறையில், ஏசிக் காற்று முகத்துக்கு நேரே வரும் அலுவலகத்தில் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

27 அங்குலத் திரையின் உயரம் 33.6 செ.மீ. அதைப் பழைய மானிட்டர் நின்ற அதே பலகைமேல் ஏற்றி வைத்தால் அதன் தலை நம் புருவத்தைத் தாண்டிப் போய்விடும். மேல்விளிம்பு கண்மட்டத்துக்குச் சற்றுக் கீழே வரும்படி இறக்கி, திரையின் கீழ்ப்பகுதி நம் பக்கம் வர, முகத்தைக் கொஞ்சம் வானம் பார்க்கச் சாய்த்தால், புத்தகம் பிடித்த சாய்வு வந்துவிடும். இமை இறங்கும். ஸ்டாண்டின் உயரத்தை மாற்றும் வசதியைப் பலர் ஆடம்பரம் என்று விட்டுவிடுகிறார்கள். எனக்கு அது திரையின் பாதி. நல்ல ஸ்டாண்டில் அவ்வளவு பெரிய பலகையை இரண்டு விரலால் அழுத்தினால் வழுக்கிக்கொண்டு இறங்கும். விரலை எடுத்த இடத்தில் நிற்கும், துள்ளாது, மெல்லச் சரியவும் சரியாது. உள்ளே இருக்கும் சுருள்வில்லின் இழுப்பையும் திரையின் எடையையும் யாரோ பொறுமையாகச் சமன் பார்த்துச் செய்திருக்கிறார்கள்.

வெளிச்சத்துக்கு அளவுகோல் ஒரு வெள்ளைத்தாள்தான். பகல் அலுவலக வெளிச்சம் 500 லக்ஸ் இருந்தால், அங்கே ஒரு வெள்ளைத்தாள் ஏறத்தாழ 125 நிட் அளவுக்கு ஒளிரும். இரவில் வீட்டு விளக்கடியில் அதே தாள் 40 நிட்கூட இருக்காது. புதிய மானிட்டர்களோ 250, 350 நிட் வரை எரியக்கூடியவை. பெட்டியிலிருந்து எடுத்தவுடன் அந்த உச்சத்தை ஒட்டித்தான் பல மானிட்டர்கள் இருக்கும். திரை சின்னதாக இருந்தால் தாங்கிக்கொள்ளலாம். 60 செ.மீ. அகல வெள்ளைப் பலகை அப்படி எரிந்தால், அது படிக்கும் பக்கம் இல்லை, சன்னல். தாளைத் திரைக்குப் பக்கத்தில் பிடித்து, இரண்டும் ஒரே வெண்மை ஆகும் வரை குறைத்தால் போதும். முதல் சில நிமிடம் மங்கலாகத் தோன்றும். பிறகு எழுத்து அச்சடித்ததுபோல் அமர்ந்துகொள்ளும்.

குறைக்கும்போதுதான் இன்னொரு குணம் வெளிப்படும். சில திரைகள் வெளிச்சத்தைக் குறைப்பதில்லை, விளக்கை நொடிக்குச் சில நூறு முறை அணைத்து அணைத்து ஏற்றிக் குறைத்ததாகக் காட்டும். கண்ணுக்கு நேரடியாகத் தெரியாது. தெரியாத துடிப்பும் வலிக்கும் என்பதற்குப் பழைய சான்று ஒன்று இருக்கிறது: 1989இல் ஆர்னல்டு வில்கின்ஸும் அவர் கூட்டாளிகளும் ஓர் அலுவலகத்தின் குழல்விளக்குகளில் சாதாரண சோக்கை எடுத்துவிட்டு, வெகுவேகத்தில் இயங்கும் மின்னணு சோக்கைப் பொருத்தினார்கள். நொடிக்கு 100 முறை நடந்த துடிப்பு நின்றது. தலைவலியும் கண்வலியும் பாதிக்கும் கீழே குறைந்தன. திரையில் இதைச் சோதிக்கக் கருவி எதுவும் தேவையில்லை. அறை விளக்கை அணைத்து, வெள்ளைப் பக்கம் ஒன்றைத் திறந்து, வெளிச்சத்தைக் குறைத்து, திரைக்கு முன்னால் ஒரு பென்சிலை வேகமாக ஆட்டுங்கள். பென்சில் ஒரே மங்கலான பட்டையாகத் தெரிந்தால் விளக்கு நிலையாக எரிகிறது. தனித்தனிப் பென்சில்களாக, விசிறி மடிப்பாகப் பிரிந்து தெரிந்தால் அது அணைந்து அணைந்து எரிகிறது.

நீல ஒளியைத் தடுக்கும் கண்ணாடியைப் பற்றிக் கேட்பார்கள். 2023இல் கொக்ரேன் அமைப்பு 17 சோதனைகளைச் சேர்த்துப் பார்த்தது. கணினிக் கண்சோர்வைக் குறைப்பதில் சாதாரணக் கண்ணாடியைவிட அது குறுகிய காலத்தில் மேலானதாகத் தெரியவில்லை. அந்தப் பணத்தை மேசைக்கும் ஸ்டாண்டுக்கும் கொடுக்கலாம்.

பெரிய திரையில் நான் ரசிக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. 24 அங்குலத் திரையின் உயரம் 29.9 செ.மீ. ஏ4 தாளின் உயரம் 29.7. அசல் அளவில் ஒரு பக்கத்தை வைத்தால் இரண்டு மில்லிமீட்டர் மிச்சம்! மெனுவுக்கும் கீழ்ப்பட்டைக்கும் இடமே இல்லை, பக்கத்தைச் சுருக்கியே ஆக வேண்டும், எழுத்து சிறுத்தே தீரும். 27 அங்குலத்தில் 33.6 செ.மீ. உயரம், 59.8 செ.மீ. அகலம். இரண்டு ஏ4 பக்கங்கள் அசல் அளவில் அருகருகே விரிந்து, தலைக்கு மேல் பட்டைகளுக்கு இடம் விட்டு, ஓரத்தில் 18 செ.மீ. காலியாகக் கிடக்கும். அகராதியை அங்கே திறந்து வைத்துக்கொள்ளலாம். திரையை நிமிர்த்தித் திருப்பினால் இரண்டு ஏ4 தாள்கள் ஒன்றின் கீழ் ஒன்றாக, 59.4 செ.மீ., ஏறக்குறைய அப்படியே பொருந்தி நிற்கும். தமிழ்ப் புத்தகங்கள் பெரும்பாலும் வரும் டெம்மி அளவில், எதிரெதிர்ப் பக்கங்கள் இரண்டையும் முழுத்திரையில் ஒன்றரை மடங்கு பெரிதாக்கி வைக்கலாம். பத்தி எங்கே ஒற்றை வரியாக அநாதையாகிறது, அடுத்த பக்கத்தோடு வரி மட்டம் ஒத்துப் போகிறதா, ஒரு வாசகர் புத்தகத்தை விரித்தவுடன் காணப்போவது என்ன என்பதெல்லாம் ஒரே பார்வையில் கிடைக்கும். இதற்காகவே இந்த அளவைத் தீர்மானித்தார்களோ என்று எண்ணும்படி இருக்கிறது.

நாற்பதைத் தாண்டியவர்கள் வாங்கியபின் செய்ய வேண்டிய வேலை ஒன்று பாக்கி இருக்கிறது. வெள்ளெழுத்துக்குப் போடும் படிப்புக் கண்ணாடி 40 செ.மீ. தூரத்துக்கென்று கணக்கிட்டது. திரை 70க்குப் போய்விட்டால் அந்தக் கண்ணாடியில் எழுத்து மங்கும். மங்கியதும் நம்மை அறியாமல் முன்னே குனிவோம், வாங்கிய தூரம் அத்தனையும் போய்விடும். மேலே தூரத்துக்கும் கீழே படிப்புக்கும் என்று பிரித்த கண்ணாடியானால் திரையைப் படிக்க மோவாயைத் தூக்க வேண்டிவரும், பிடரி பிடித்துக்கொள்ளும். நாற்காலியில் இயல்பாகச் சாய்ந்து அமர்ந்து, வீட்டில் வேறொருவரை விட்டுத் தையல் டேப்பால் கண்ணோரத்திலிருந்து திரை வரை அளக்கச் சொல்ல வேண்டும். அந்த எண்ணைச் சீட்டில் எழுதிக்கொண்டுபோய்க் கண்ணாடிக் கடையில் கொடுத்து, இந்தத் தூரத்துக்கு மட்டும் ஒன்று செய்து தாருங்கள் என்று கேட்டால், பரிசோதிப்பவர் சோதனை வில்லைகளை மாட்டி, எழுத்தட்டையைச் சரியாக அந்தத் தூரத்தில் பிடித்துக் காட்டுவார். மேலும் கீழும் பிரிவில்லாத முழு வில்லையாகக் கேட்டு வாங்கினால், 33.6 செ.மீ. உயரமும் தலையை அசைக்காமல் ஒரே தெளிவில் கிடைக்கும்.